நடுவில் நிற்கும் காகம்



உங்கள் ராசி என்ன என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். நட்சத்திரமும் நாக்கு நுனியில் இருக்கும். உங்கள் பட்சி என்ன என்று கேட்டால்? கொஞ்சம் யோசிப்பீர்கள், இல்லையா? வீட்டில் வயதான தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு ஆந்தை, உங்க அப்பாவுக்குக் கோழி" என்று சொன்னாலும் சொல்வார்கள்.

பட்சி என்றால் பறவை. போகர், உரோமரிஷி முதலான சித்தர்கள் பேரில் வழங்கிவரும் பஞ்சபட்சி சாத்திரம் சொல்வது இது. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பறவைகள். இருபத்தேழு நட்சத்திரங்களையும் இந்த ஐந்துக்கும் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். வளர்பிறையில் பிறந்தவருக்கு அசுவினி முதல் மிருகசீரிடம் வரை வல்லூறு, திருவாதிரை முதல் பூரம் வரை ஆந்தை, உத்திரம் முதல் விசாகம் வரை காகம், அனுஷம் முதல் உத்திராடம் வரை கோழி, திருவோணம் முதல் ரேவதி வரை மயில். தேய்பிறையில் பிறந்திருந்தால் வரிசை அப்படியே தலைகீழாகத் திரும்பிவிடும். அசுவினிக்கு மயில் வரும், ரேவதிக்கு வல்லூறு வரும்.

பிறந்த நட்சத்திரம் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பெயரின் முதல் எழுத்தில் ஒலிக்கும் உயிரை வைத்துப் பட்சி சொல்லும் முறையும் உண்டு.

நான் தமிழாசிரியன். பலன் சொல்லும் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறேன். அந்த வேலைக்குத்தான் பஞ்சபட்சி எனக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் நட்சத்திரப்படி ஒரு பறவை. ஒரு வாரம் அந்தப் பறவையைப் பார்த்து நோட்டில் எழுதி வர வேண்டும். இதுதான் வீட்டுப்பாடம்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. சித்திரை நட்சத்திரம். காகம் என்றதும் முகம் வாடிப்போயிற்று. "ஐயா, எனக்கு மயில் மாத்திக் குடுங்கய்யா" என்றாள். மாற்ற முடியாதம்மா என்றேன். "நான் தேய்பிறையில பிறந்திருந்தா மாறியிருக்குமாய்யா?" என்று கேட்டாள். ஆசை அப்படி!

நான் ஐந்து பிள்ளைகளை எழுப்பி வரிசையாக நிற்க வைத்தேன். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில். இப்போது கடைசியிலிருந்து எண்ணுங்கள் என்றேன். மயில் முதலில் வந்தது, வல்லூறு கடைசிக்குப் போயிற்று. நடுவில் நின்ற பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றான். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அவன் மூன்றாவது ஆள். வளர்பிறையானாலும் தேய்பிறையானாலும் மாறாத பட்சி காகம் ஒன்றுதான். உத்திரம், அஸ்தம், சித்திரை, சுவாதி, விசாகம், இந்த ஐந்து நட்சத்திரக்காரர்கள் வீட்டில் இருந்தால் இதை அவர்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள்!

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் நோட்டைக் கொண்டுவந்தாள். அதிலிருந்த ஒரு பக்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டி. காகம் ஒன்று காய்ந்த ரொட்டித்துண்டைக் கவ்வி வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. துண்டைத் தண்ணீரில் முக்கி எடுத்து, அலகால் அழுத்திப் பார்த்துவிட்டு, மறுபடி முக்கியிருக்கிறது. மூன்றாவது தரம் ஊறிய பிறகுதான் தின்றதாம். "கழுத்து மட்டும் சாம்பல் நிறம், ஐயா. இத்தனை நாளா முழுக்கக் கறுப்புன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். பிறந்ததிலிருந்து தினமும் பார்த்த பறவையை அந்த வாரம்தான் அவள் கண்டாள்.

அதே நோட்டின் கடைசியில் ஒரு கேள்வியும் எழுதியிருந்தாள். 'இவ்வளவு அழகாகப் பாடுகிற குயில் ஏன் ஐந்தில் இல்லை?' நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "குயில் குஞ்சை வளர்க்கிறதே காக்காதானே, ஐயா?" வகுப்பே கைதட்டியது.

நேயர்களே, நம் முன்னோருக்குக் காகம் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இன்னொன்று சொல்ல வேண்டும். குறுந்தொகையில் ஒரு பெண்பாற் புலவர், காக்கையைப் பாடியதனாலேயே காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பெயர் பெற்றவர். பிரிந்து போன தலைவன் வருவான் என்று கரைந்து சொன்ன காக்கைக்கு, வள்ளல் நள்ளியின் காட்டு இடையர்களின் பசுக்கள் தந்த நெய்யும் தொண்டி ஊரில் விளைந்த நெல்லின் சோறும் ஏழு கலத்தில் வைத்தாலும் போதாது என்கிறாள் அந்தப் பாட்டின் தோழி. ஒரு பறவையின் குரலுக்கு இப்படி நன்றி சொன்ன மொழி நம்முடையது.

பஞ்சபட்சியில் இந்தப் பறவைகளுக்குச் சொல்லப்படும் ஐந்து தொழில்களைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். ஊண், நடை, அரசு, துயில், சாவு. சூரியன் உதித்ததிலிருந்து மறையும் வரை பகல் முப்பது நாழிகை. அதை ஆறு நாழிகை வீதம் ஐந்து சாமமாகப் பிரிப்பார்கள். ஒரு சாமம் 2 மணி 24 நிமிடம். ஒவ்வொரு சாமத்திலும் ஒரு பட்சி அரசு செய்யும், ஒன்று உண்ணும், ஒன்று நடக்கும், ஒன்று தூங்கும், ஒன்று சாவில் கிடக்கும். எந்தக் கிழமை, எந்தப் பிறை என்பதைப் பொறுத்து இந்த முறை மாறும். தன் பட்சி அரசில் இருக்கும்போது காரியம் தொடங்கு, துயிலிலும் சாவிலும் இருக்கும்போது பொறுத்திரு. சாத்திரத்தின் சாரம் இவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்குத் திருவள்ளுவர் நினைவுக்கு வந்தார். காலமறிதல் அதிகாரத்தைக் காக்கையையும் கூகை என்னும் ஆந்தையையும் வைத்துத்தானே தொடங்குகிறார்! பகலில் காகம் தன்னைவிட வலிய கூகையை வென்றுவிடும் என்கிறார். எங்கள் ஏரிக்கரைப் புளியமரப் பொந்தில் ஓர் ஆந்தை இருந்தது. ஒரு நாள் விடிந்தும் அது வெளியே உட்கார்ந்திருந்தது. காகங்கள் கூடிக் கத்தி, மாறி மாறிப் பாய்ந்து, அதைப் பொந்துக்குள் ஒடுங்க வைத்ததைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அன்றைக்குக் குறளை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்து பறவை பார்த்த யாரோதான் அதைச் சொல்லியிருக்க முடியும். பஞ்சபட்சியும் அப்படிப்பட்ட கண்களிலிருந்து பிறந்ததுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பிள்ளைகள் அதோடு நிற்கவில்லை. ஐந்து போதாது என்று எங்கள் ஏரிக்கென்றே ஒரு பட்டியல் போட்டார்கள். மீன்கொத்தி, கொக்கு, மைனா, தவிட்டுக்குருவி, நீர்க்காகம். விடியலில் அரசு யாருக்கு, உச்சிவெயிலில் துயில் யாருக்கு என்று நேரில் பார்த்துக் கட்டம் போட்டு நிரப்பினார்கள். அந்தத் தாள் இன்றும் எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது.

எனக்கு அளித்த நேரம் முடியப்போகிறது. உங்கள் நட்சத்திரத்தையும் பிறையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பட்சி எதுவோ, அதை ஒரு வாரம் பாருங்கள், ஒரு நாளைக்கு மூன்று வரி எழுதுங்கள். மயில் வந்தால் மகிழ்ச்சி. காகம் வந்தால் ஒரு தொட்டியில் தண்ணீர் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று காத்திருங்கள். ரொட்டித்துண்டோடு அது கட்டாயம் வரும்.