காலத்திற்கு முந்திய தேர்தல்



பொதுத்தேர்தல் என்பது ஆளுவோரிடம் மக்கள் கணக்குக் கேட்கும் நாள். அந்த நாளைக் குறிக்கும் உரிமை யாரிடம் இருக்கவேண்டும்? கணக்குக் கொடுக்க வேண்டியவரே, தமக்கு ஏற்ற வேளை பார்த்து நாளையும் குறித்துக்கொண்டால் என்ன ஆகும்? எதிரே நிற்பவர் வலுவிழந்து கிடக்கிறார் என்பதே அந்த நாளைக் குறிக்கக் காரணமாக இருந்தால், வாக்காளர் அதனை எவ்வாறு ஏற்பர்? குடிமையியல் பாடப் புத்தகத்தில் இவ்வினாக்களுக்கு நேரான விடை கிடைப்பதரிது. ஆனால், 2017ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மக்கள் ஒரு விடை எழுதிக்காட்டினார்கள். அந்த விடையைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில் சட்டத்தின் நிலையை அறிந்துகொள்வோம். நெடுங்காலமாகப் பிரிட்டனில் பார்லிமெண்டைக் கலைக்கும்படி முடியரசரை வேண்டும் உரிமை பிரதம மந்திரியின் கையில் இருந்தது. ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவரே துப்பாக்கியையும் சுடுவது போன்றது இது என்று பலர் குறை கூறினர். 2011ஆம் ஆண்டில் அதற்கு ஒரு தடை வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, மே மாதத்து முதல் வியாழக்கிழமையில் தேர்தல் நடைபெறவேண்டும். அதற்கு முன்னர் நடத்தவேண்டுமானால் மந்திரிசபை நம்பிக்கை இழக்க வேண்டும், அல்லது காமன்ஸ் சபையின் 650 இடங்களில் மூன்றில் இரண்டு பங்கினராகிய 434 பேர் இசையவேண்டும் என்று சட்டம் செய்தார்கள்.

2015ஆம் ஆண்டுத் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி 330 இடங்களையும் தொழிற் கட்சி 232 இடங்களையும் பெற்றன. அடுத்த ஆண்டு ஜூன் 23ஆம் நாள், ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று மக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்கப்பட்டது. நூற்றுக்கு 51.9 பேர் விலகுக என்றனர், 48.1 பேர் இருப்போம் என்றனர். இருக்கவேண்டும் என்று வாதாடிய பிரதம மந்திரி டேவிட் காமரன் பதவி விலகினார். திருமதி தெரஸா மே அப்பதவியை ஏற்றார். தவணைக்கு முன் தேர்தல் கிடையாது என்று அவர் பலமுறை உறுதி கூறினார்.

எதிர்க்கட்சியின் நிலை யாது? தொழிற் கட்சியின் தலைவர் ஜெரமி கார்பின் 1983 முதல் பார்லிமெண்டு உறுப்பினர். நெடுங்காலம் பின்வரிசையில் அமர்ந்து, சொந்தக் கட்சியின் கட்டளையையே அடிக்கடி மீறி வாக்களித்தவர். 2015இல் கட்சியின் சாதாரண உறுப்பினர்கள் அவரைத் தலைவராக்கினார்கள். ஆயினும் பார்லிமெண்டிலிருந்த தோழர்கள் அவரை ஏற்கவில்லை. 2016 ஜூன் 28ஆம் நாள் அவர்மீது நம்பிக்கையில்லை என்று 172 பேரும், நம்பிக்கையுண்டு என்று 40 பேரும் வாக்களித்தனர். வேறொருவராயின் விலகியிருப்பார். அவரோ விலகவில்லை. மறுபடியும் போட்டி நடந்தது. கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கு 61.8 வாக்குகளால் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். படைத்தலைவருக்குக் காலாட்கள் துணை, தளபதிகள் பகை என்ற விசித்திர நிலை உண்டாயிற்று. 2017 பிப்ரவரியில், 1935 முதல் தன் வசமிருந்த கோப்லண்டு தொகுதியை இடைத்தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சியிடம் தொழிற் கட்சி பறிகொடுத்தது. ஆளுங்கட்சி எதிர்க்கட்சியின் இடத்தை இடைத்தேர்தலில் கைப்பற்றியது 1982க்குப் பிறகு அதுவே முதல் தடவை.

இவற்றையெல்லாம் கண்ட பிரதம மந்திரியின் மனம் மாறியது. கணவருடன் வேல்ஸ் நாட்டு மலைப்பகுதியில் நடைப்பயணம் செய்தபோது அம்முடிவுக்கு வந்ததாக அவரே கூறினார். ஏப்ரல் 18ஆம் நாள், டௌனிங் தெருவில் தம் இல்லத்து வாயிலில் நின்று, ஜூன் 8ஆம் நாள் தேர்தல் என்று அறிவித்தார். ஒன்றியத்திலிருந்து விலகும் பேச்சுவார்த்தையில் நாட்டின் கை ஓங்கவேண்டும், அதற்கு எதிர்க்கட்சிகள் குறுக்கே நிற்கின்றன என்பது அவர் சொன்ன காரணம். கருத்துக் கணிப்புகளில் தம் கட்சி ஏறத்தாழ 20 புள்ளிகள் முந்தி நின்றது என்பது அவர் சொல்லாத காரணம். சொன்ன காரணத்தையும் சொல்லாத காரணத்தையும் மக்கள் ஒருங்கே கேட்டுக்கொண்டார்கள்.

அன்றே பிரிஸ்டல் நகரத்தில் ஒரு பெண்மணியிடம் ஒலிபரப்பு நிருபர் செய்தியைச் சொன்னபோது, "விளையாடுகிறீர்களா! இன்னுமொரு தேர்தலா!" என்னும் பொருள்பட அவர் சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பு நாடெங்கும் எதிரொலித்தது. அது சோம்பலால் வந்த சலிப்பன்று. ஸ்காட்லாந்து வாக்காளரை எண்ணிப் பாருங்கள். 2014 செப்டம்பரில் தனிநாடு பற்றிய வாக்கெடுப்பு. 2015 மே மாதத்தில் பொதுத்தேர்தல். 2016 மே மாதத்தில் ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டுத் தேர்தல். ஜூனில் ஐரோப்பா பற்றிய வாக்கெடுப்பு. 2017 மே மாதத்தில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல். ஜூனில் மறுபடியும் பொதுத்தேர்தல். மூன்றாண்டு நிறைவதற்குள் ஆறுமுறை சாவடிக்குச் செல்லவேண்டியிருந்தது. வாக்குச்சீட்டு ஒரு கடமை. அக்கடமைக்கு அடிக்கடி அழைக்கிறவர் தக்க காரணம் காட்டவேண்டுமல்லவா?

மறுநாள் காமன்ஸ் சபையில் 522 பேர் தேர்தலுக்கு ஆதரவாகவும் 13 பேர் எதிராகவும் வாக்களித்தனர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தொழிற் கட்சி இசையாதிருந்தால் 434 என்னும் எண்ணிக்கை எட்டியிராது. இசைந்தால் தோல்வி உறுதி என்றார்கள் கணிப்பாளர்கள். மறுத்தால் மக்களைச் சந்திக்க அஞ்சுகிறார் என்ற பழி வரும். கார்பின் இசைந்தார். தவணைக்கு முந்திய தேர்தலுக்குச் சட்டம் இட்ட தடை இவ்வாறு ஒரே நாளில் பயனற்றுப் போயிற்று. வேண்டாமென்று சொல்லும் வலிமை எதிர்க்கட்சிக்கு இல்லாதபோது, அதன் கையில் உள்ள பூட்டும் பூட்டாகாது.

பிரசாரம் தொடங்கியது. வலிமையும் நிலைபேறும் உள்ள தலைமை என்னும் முழக்கத்தையே கன்சர்வேடிவ் கட்சி ஊர்தோறும் முழக்கியது. ஆனால் அத்தலைவர், தொலைக்காட்சி விவாதத்தில் எதிர்க்கட்சித் தலைவரோடு நேருக்கு நேர் நிற்க மறுத்தார். மே 18ஆம் நாள் வெளியான அவர் கட்சி அறிக்கையில், வீட்டிலிருந்தபடியே பராமரிப்புப் பெறும் முதியோரின் செலவுக்கு அவர்தம் வீட்டின் மதிப்பையும் கணக்கில் சேர்ப்பதென்றும், ஒரு லட்சம் பவுன் அளவு சொத்தை மட்டும் விட்டுவைப்பதென்றும் கூறப்பட்டிருந்தது. மறதி நோய்க்கு வரி என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். நான்கு நாள் கழிந்ததும் செலவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று பிரதம மந்திரி திருத்திக் கூறினார். கூறிவிட்டு, எதுவும் மாறவில்லை என்றும் சாதித்தார். நிலைபேறு என்ற முழக்கம் அன்றே ஆட்டங்கண்டது.

அன்றிரவே மான்செஸ்டர் நகரில் இசையரங்கு ஒன்றின் வாயிலில் வெடிகுண்டு வெடித்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் சிறுவர் சிறுமியரும் இருந்தனர். ஜூன் 3ஆம் நாள் லண்டன் பாலத்தருகே நடந்த தாக்குதலில் 8 உயிர்கள் போயின. இரு முறையும் கட்சிகள் பிரசாரத்தை நிறுத்தித் துக்கம் காத்தன. பின்னர், 2010க்குப் பிறகு போலீசாரின் எண்ணிக்கை ஏறத்தாழ 20,000 குறைந்தது ஏன் என்ற கேள்வி எழுந்தது. 2010 முதல் 2016 வரை உள்நாட்டு மந்திரியாக இருந்தவர் திருமதி மே அவர்களே.

கார்பினோ ஊர் ஊராகச் சென்று திறந்த வெளியில் பேசினார். கல்லூரிக் கட்டணத்தை நீக்குவோம், இரயில்வேயைப் பொதுவுடைமையாக்குவோம், உயர்ந்த வருமானத்தின்மீது வரியைக் கூட்டுவோம் என்றது அவர் கட்சியின் அறிக்கை. அதனை ஏற்றோரும் உண்டு, இயலாத காரியம் என்று தள்ளினோரும் உண்டு. எனினும், பத்திரிகைகள் தீட்டியிருந்த சித்திரத்தில் கண்ட மனிதர் வேறு, நேரில் கண்டவர் வேறு என்பதைப் பலர் உணர்ந்தனர். இளைஞர்கள் திரளாக வந்தார்கள்.

முடிவு என்ன? கன்சர்வேடிவ் கட்சிக்கு 317 இடங்கள். தொழிற் கட்சிக்கு 262. பெரும்பான்மைக்கு வேண்டியவை 326. இருந்த பெரும்பான்மையைப் பெருக்கப் புறப்பட்டவர் இருந்ததையும் இழந்தார். வட அயர்லாந்தின் டி.யூ.பி. கட்சியினர் பதின்மரின் ஆதரவை நாடவேண்டியதாயிற்று. அந்த உடன்படிக்கையில் அவர்கள் மாகாணத்திற்கு நூறு கோடி பவுன் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. 1918 முதல் அசையாதிருந்த கான்டர்பரி தொகுதி 187 வாக்குகளால் தொழிற் கட்சிக்குச் சென்றது. அது பல்கலைக்கழக மாணவர் நிறைந்த ஊர். செல்வர் வாழும் கென்சிங்டன் தொகுதியிலும் தொழிற் கட்சியே 20 வாக்குகளால் வென்றது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கு ஃபைஃப் தொகுதியில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்தவை இரண்டே வாக்குகள். என் ஒரு வாக்கினால் என்ன ஆகப்போகிறது என்று இனி எவரும் கேட்கலாகாது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்லுவேன். அரையாண்டுத் தேர்வில் முதல்வனாக வந்தவன் புத்தகத்தை மூடிவிட, கடைசி வரிசையில் இருந்தவன் விழித்திருந்து படித்து முழுத்தேர்வில் அருகே வந்துவிடுவதை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். கருத்துக் கணிப்பு அரையாண்டு மதிப்பெண் போன்றது. அது அன்றைய நிலையைக் காட்டுமேயன்றி வரப்போகும் முடிவை வரையறுத்துவிடாது.

ஆயினும், இந்தக் கதையை ஒருதலையாக முடித்துவிடக் கூடாது. தொழிற் கட்சி எழுச்சி பெற்றதே தவிர வெற்றி பெறவில்லை. அதன் வாக்கு நூற்றுக்கு 30லிருந்து 40 ஆக உயர்ந்தது. கன்சர்வேடிவ் கட்சியின் வாக்கும் 42க்கு மேல் உயர்ந்தது. 1923 முதல் தொழிற் கட்சி வசமிருந்த மான்ஸ்ஃபீல்டு சுரங்கத் தொழிலாளர் பூமி அந்தத் தேர்தலிலேயே கைமாறிற்று. பின்பு 2019 டிசம்பரில் மீண்டும் ஒரு முந்திய தேர்தல் நடந்தது. எதிர்க்கட்சித் தலைவர் அதே கார்பின். இம்முறை கன்சர்வேடிவ் கட்சி 365 இடங்களில் வென்றது. தொழிற் கட்சி 202 இடங்களாகச் சுருங்கியது. 1935க்குப் பிறகு அக்கட்சி அவ்வளவு தாழ்ந்ததில்லை. அவசரத் தேர்தலை மக்கள் எப்போதும் தண்டிப்பர் என்று சூத்திரம் எழுத இயலாது என்பது இதனால் விளங்கும்.

இவ்விரண்டு தேர்தல்களுக்கும் வேற்றுமை யாது? 2019இல் பார்லிமெண்டு எந்த முடிவுக்கும் வர இயலாமல் முடங்கிக் கிடந்தது. முடிச்சை அவிழ்க்கத் தேர்தல் தேவை என்பது மக்களுக்குத் தெரிந்தது. ஐரோப்பாவைப் பற்றித் தொழிற் கட்சியின் கொள்கை தெளிவாக இல்லை என்பதும் தெரிந்தது. 2017இல் அத்தகைய முடை இல்லை. தேவை ஆளுங்கட்சியினுடையது என்று கருதினோர் பலர். 1974 பிப்ரவரியில் எட்வர்டு ஹீத், சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் நடுவே, நாட்டை ஆளுவது யார் என்று கேட்டுத் தேர்தலை முன்னதாக நடத்தினார். மக்கள் அவருக்கு 297 இடங்களும் தொழிற் கட்சிக்கு 301 இடங்களும் கொடுத்தனர். நம் நாட்டில் 1971இல் ஓராண்டு முன்னதாகத் தேர்தலைச் சந்தித்த இந்திரா காந்தி 352 இடங்களில் வென்றார். 2004இல் சில மாதங்கள் முன்னதாகச் சந்தித்த வாஜ்பாயி அரசு தோற்றது.

பிரிட்டனில் 2011ஆம் ஆண்டுச் சட்டம் 2022இல் நீக்கப்பட்டது. நாள் குறிக்கும் உரிமை பிரதம மந்திரியிடமே திரும்பியது. 2024இல் ரிஷி சுனக் தவணை முடியச் சில மாதங்கள் இருக்கையில் தேர்தலை அழைத்தார். அவர் கட்சிக்குக் கிடைத்தவை 121 இடங்களே. நாளைக் குறிப்பது பிரதம மந்திரியின் உரிமை. தீர்ப்பைக் குறிப்பது வாக்காளரின் உரிமை. முன்னது பின்னதைக் கட்டுப்படுத்தாது.

மாணவச் செல்வங்களே! எதிர்க்கட்சி வலுவிழந்திருப்பது ஆளுங்கட்சிக்கு ஆதாயம்போலத் தோன்றும். உண்மையில் அது நாட்டுக்கு நட்டம். 1937 முதல் பிரிட்டனில் எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுக்கிறது. அரசாங்கத்தைக் குறை சொல்பவருக்கு அரசாங்கமே ஏன் சம்பளம் தரவேண்டும்? குறைகளை எடுத்துரைப்பதும் அரசாங்கத்தின் ஓர் உறுப்பே என்பதனால்தான். தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்வது ஆள்பவர்க்கு வலிமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். முதியோர் பராமரிப்புத் திட்டத்தைச் சபையிலேயே ஊன்றி வினாவக்கூடிய எதிர்க்கட்சி இருந்திருந்தால், அது தேர்தல் களத்தில் நான்கே நாளில் நிலைகுலைந்திருக்காது. நம் மக்கள் சபையிலும் 2014, 2019 ஆகிய இரு தேர்தல்களுக்குப் பின்னர், பத்தில் ஒரு பங்கு இடமும் எந்த எதிர்க்கட்சிக்கும் கிடைக்காமையால் அப்பதவி வெற்றிடமாக இருந்தது. 2024இலேதான் அது நிரம்பியது.

உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் வாக்காளர் ஆவீர்கள். அப்பொழுது தேர்தல் எந்த மாதத்தில் வந்தாலும் மூன்று வினாக்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தேர்தல் யாருடைய தேவைக்காக வந்தது? ஆளவந்தவர் சென்ற முறை தந்த வாக்குகள் என்னவாயின? எதிர்த்து நிற்பவர் வலுவற்றவர் என்று பிறர் சொல்லக் கேட்டேனா, நானே பார்த்து அறிந்தேனா? பிரிஸ்டல் மாது சலித்துக்கொண்டதில் தவறில்லை. சலித்துக்கொண்டே வீட்டில் இருந்துவிடுவதுதான் தவறு. பிரிட்டிஷ் மக்கள் அப்படி இருந்துவிடவில்லை. சலிப்புக்கு நடுவிலும் 2015ஐக் காட்டிலும் மிகுதியானோர், நூற்றுக்கு 68க்கு மேற்பட்டோர், சாவடிக்குச் சென்றனர். சென்றபடியால்தான் அவர்கள் சொல்ல விரும்பியதை ஆளுவோர் கேட்கவேண்டியதாயிற்று.