சுருள்பாசி: முற்றத்தில் விளையும் உணவு

 

பாசி என்றதும் கால் வழுக்கும் படித்துறையே பலர்க்கும் நினைவில் எழும். உண்ணும் பாசியும் உண்டென்றால் முகஞ்சுளிப்பர். ஆனால், மெக்சிக்கோ நாட்டின் தெசுக்கோக்கோ ஏரிக்கரையில் வாழ்ந்த அசுத்தெக்கு மக்கள் நுண்பாசியை வலையால் அரித்து, உலர்த்தி, அடையாக்கி உண்டனர். 1521-இல் இசுப்பானியர் அந்நாட்டை வென்றனர். பின்னர் ஏரியின் பெரும்பகுதி வடிக்கப்பட்டது. அவ்வுணவு வழக்கும் மறைந்தது. ஆப்பிரிக்காவின் சாடு ஏரிப் பகுதியிலோ கானெம்பு இனப் பெண்டிர் அதே வகைப் பாசியை வடித்து, மணலில் உலர்த்திக் குழம்பிலிடும் வழக்கத்தைக் கைவிட்டாரல்லர். பெண்டிர் போற்றிய உணவு பிழைத்தது!

அறிவியலார் இதனை இசுபைருலினா என்பர். வில்சுருள்போல் திருகியிருப்பதால் தமிழில் சுருள்பாசி என்பது எத்துணைப் பொருத்தமான பெயர்! உலர்ந்த சுருள்பாசியில் நூற்றுக்கு 55 முதல் 70 பங்கு புரதம். துவரம்பருப்பிலோ ஏறத்தாழ 22 பங்கே. இரும்பும், கண்ணொளி காக்கும் நிறமியும் இதில் மிகுதி. சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நடுவம், அறிஞர் சி. வி. சேசாத்திரி தலைமையில், ஊர்ப்புறத்து எளிய தொட்டிகளிலும் இதனை வளர்க்கும் முறையை ஆராய்ந்து பரப்பியது.

முறை எளிது. அகன்ற தொட்டியில் ஒரு சாண் ஆழத்துக்குத் தூய நீர். இலிட்டருக்கு 8 கிராம் ஆப்பச்சோடா, 5 கிராம் கடலுப்பு, 2 கிராம் தூய வெடியுப்பு. சிறிதளவு எரியம், இரும்பு உப்புகள். நம்பத்தக்க பண்ணையிலிருந்து விதைப்பாசி பெற்று இடுக. கடுவெயில் படாது நிழல் அமைத்து, நாளும் பலமுறை கலக்குக. அமிழ்த்திய வெண்தட்டு 3 செண்டிமீட்டர் ஆழத்துக்குள் மறையுமாயின் அறுவடைப் பருவம். மென்துணியில் வடித்துப் பிழிந்து உடனே உண்க, அன்றேல் உலர்த்துக. ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் உலர்பாசி கிட்டும்.

எச்சரிக்கையும் வேண்டும். குளத்துப் பாசியை அள்ளி வளர்த்தல் ஆகாது. நீலப்பச்சைப் பாசிகளுள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சுடையனவும் உள. கெட்ட நாற்றம் எழுந்தாலோ நிறம் மாறினாலோ முழுதும் கொட்டிவிடுக. சுருள்பாசி சோற்றுக்கும் பருப்புக்கும் கீரைக்கும் துணையே, மாற்றன்று. எந்நோயும் தீர்க்கும் மருந்துமன்று. அங்ஙனம் பறைசாற்றி வில்லைகளாக்கி உயர்விலைக்கு விற்போரிடம் ஏழைத்தாய் ஏன் கையேந்த வேண்டும்?

தெசுக்கோக்கோ மக்கள் ஏரியோடு உணவையும் இழந்தனர். இங்கு ஏரியும் வேண்டா. ஒரு தொட்டி, கதிரவன் ஒளி, சோம்பாது கலக்கும் ஒரு கை, இவை போதும். பிள்ளையின் தட்டில் சேரும் ஊட்டம் பெற்றோரின் கைவிளைவாகட்டும். முற்றந்தோறும் பசுந்தொட்டி பொலிக!