இசைக்கூடத்தின் வாசல்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மேடையில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பற்றிப் பேசுவது பொருத்தமோ என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பாடத்தைப் படி என்று நாள்தோறும் சொல்லும் ஆசிரியர் தொழிலினர் நாம். ஆயினும் ஒன்றை வெறுமனே பார்ப்பது வேறு. பார்த்ததைப் பற்றிக் கூடியிருந்து சிந்திப்பது வேறு.

நாம் எடுத்துக்கொண்ட தொடர் 'தி எடி'. 2020ஆம் ஆண்டு மே மாதம் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த எட்டுப் பகுதிகள் கொண்ட நாடகம். கதை நிகழுமிடம் பாரிஸ் நகரில் உள்ள ஒரு ஜாஸ் கிளப். அதை நடத்துவோர் இருவர். ஒருவர் எலியட்; நியூயார்க்கில் புகழ்பெற்ற கறுப்பினப் பியானோ கலைஞர்; மகனைப் பறிகொடுத்தபின் வாசிப்பதையே நிறுத்திவிட்டவர். மற்றவர் ஃபரித், அரபு வழிவந்த நண்பர். முதற்பகுதியிலேயே ஃபரித் கொல்லப்படுகிறார். அவர் கடன்பட்டிருந்த தீயோர் கூட்டம் எலியட்டின் கழுத்தில் கை வைக்கிறது. (வசைச்சொற்களும் வன்முறையும் மிகுந்த தொடர், சிறுபிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்கத் தக்கதன்று.)

கொலை, துப்பு, மிரட்டல் என்று செல்லும் பகுதிகள் நம் கருத்தில் சற்றுத் தொய்வானவையே. நம்மை நிறுத்திச் சிந்திக்க வைப்பது வேறொன்று. அந்தக் கூடத்தில் இசைக்குக் குறைவில்லை, கலைஞர்க்குக் குறைவில்லை. குறைவெல்லாம் கணக்கில். எலியட்டுக்கு இசையின் ஒவ்வொரு சுரமும் தெரியும். தம் கூடத்தின் கடன் எவ்வளவு, யாரிடம் பட்டது என்பது தெரியாது. கலை தம்முடையது, வாசல் யார் கையில் என்பதை அவர் அறியவில்லை.

இக்கேள்வி ஜாஸ் வரலாற்றோடு பிறந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் படைத்த இசை அது. நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் 1920களில் காட்டன் கிளப் என்ற புகழ்பெற்ற கேளிக்கைக் கூடம் இருந்தது. மேடையில் ஆடியோரும் பாடியோரும் கறுப்பினத்தவர். உடைமையாளர் ஓனி மேடன் என்ற வெள்ளைக் குற்றக் கும்பல் தலைவர். இருக்கையில் அமர்ந்து பார்க்கும் உரிமையோ வெள்ளையர்க்கு மட்டுமே. 1927 இறுதி முதல் டியூக் எலிங்டனின் இசைக்குழு அங்கே வாசித்தது; வானொலி வழியே நாடெங்கும் கேட்டது. அடுத்த தெருவில் குடியிருந்த கறுப்பினத்தவர் மட்டும் அந்த வாசலைத் தாண்ட இயலவில்லை. தோழர்களே, இதை நமக்கு விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

1938இல் பார்னி ஜோசப்சன் என்பவர் அதே நகரில் கஃபே சொசைட்டி என்ற கூடத்தைத் திறந்தார். இரு நிறத்தாரும் ஒன்றாக அமரலாம், ஒன்றாக மேடையேறலாம் என்பது அங்கே விதி. பில்லி ஹாலிடே அங்குப் பாடிப் பெரும்புகழ் எய்தினார். ஆனால் 1947இல் ஜோசப்சனின் உடன்பிறந்தார் பொதுவுடைமையாளர் என்று அரசின் விசாரணைக்கு உள்ளாக, பத்திரிகைகள் தூற்ற, வருவோர் குறைந்து, சில ஆண்டுகளுக்குள் கூடம் மூடப்பட்டது. நல்ல எண்ணத்தில் திறந்த வாசலும் எத்தனை எளிதில் சாத்தப்படுகிறது, பாருங்கள்.

இன்னொரு வாசல். 1959 ஆகஸ்டு மாதம், நியூயார்க் பேர்ட்லேண்ட் கிளப். ஊதுகுழல் மேதை மைல்ஸ் டேவிஸ் இடைவேளையில் வெளியே வந்து நிற்கிறார். விலகிப் போ என்கிறார் காவலர். தலைக்கு மேலே விளம்பரப் பலகையில் ஒளிர்ந்த தம் பெயரைச் சுட்டிக்காட்டுகிறார் கலைஞர். தலையில் தடியடி, இரத்தம் வழியக் கைது. வழக்கு பின்னர் நிற்கவில்லை, தழும்பு நின்றது.

அப்படியாயின் எலியட் பாரிசுக்கு ஏன் போனார் என்பது இப்போது விளங்கும். 1918இல் முதல் உலகப் போருக்குச் சென்ற கறுப்பினப் படைப்பிரிவின் இசைக்குழு அந்நாட்டாரைக் கவர்ந்தது. பின்னாளில் சிட்னி பெஷே, கென்னி கிளார்க், பட் பவல் முதலியோர் அங்கேயே குடியேறினர். மதிப்பு கிடைத்தது, மேசையில் இடம் கிடைத்தது. ஆனால் அந்நகரை மிகையாகப் புகழ வேண்டா. அமெரிக்கக் கறுப்பினத்தவரை வரவேற்ற அதே பாரிசில், 1961 அக்டோபர் 17 அன்று ஊர்வலம் சென்ற அல்ஜீரியர் பலரைக் காவல்துறை கொன்றது. சிலரது உடல்கள் சேன் ஆற்றில் மிதந்தன. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் அதை ஒப்புக்கொள்ள 2012 வரை ஆயிற்று. எலியட்டையும் ஃபரித்தையும் ஒரே கூடத்தின் பங்காளிகளாக வைத்த கதை, இந்தக் கணக்கை அறிந்தே வைத்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமை ஒட்டியே உள்ளது. 1946இல் அவர் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அம்மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். பரிவுடன் மறுமொழி வந்தது. அவர் கேட்டது ஆவணத்தை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் இளைஞரில் நல்ல கலைஞர் உண்டு, நல்ல பேச்சாளர் உண்டு. வரவு செலவு ஏட்டை முன்வந்து கேட்டு வாங்கிப் படிப்போரை விரல்விட்டு எண்ணலாம். இக்கழகத்தின் ஏடுகள் அலுவலக அலமாரியில் உள்ளன; பூட்டும் இல்லை.

தொடரைக் காண விரும்புவோர்க்கு ஒரு சொல். அதில் வரும் இசைக்குழுவினர் பலர் மெய்யான இசைஞரே. தாளக் கருவி வாசிக்கும் கேத்தரினாவாக வருபவர் லாடா ஒப்ரடோவிச் என்ற குரோவேஷியப் பெண். பின்னர் ஒலி சேர்க்காமல், படம்பிடிக்கும்போதே இசையையும் பதிவு செய்தனர். ஆகவே வேர்வையும் மூச்சும் அதில் கேட்கும். நேரம் குறைவானவர்கள் முதல் மூன்று பகுதிகளையேனும் பார்க்கலாம். மூன்றாம் பகுதியில் ஃபரித்தின் அடக்கம் நிகழ்கிறது. அதன்பின் உறவினர் கூடியிருக்க, இசைக்குழுவினர் கருவிகளை எடுக்கின்றனர். நுழைவுச்சீட்டு இல்லை, காவலர் இல்லை, அழுதுகொண்டிருந்தவர்கள் மெல்ல எழுந்து ஆடத் தொடங்குகின்றனர்.