மாற்றாந்தாய் என்றொரு சொல்



நம் துண்டறிக்கைகளில் அடிக்கடி வரும் வரி ஒன்று உண்டு: ‘அரசு நம்மை மாற்றாந்தாய் மனப்பான்மையோடு நடத்துகிறது.’ சேரிக்குச் சாலை வராதபோது எழுதினோம். நமக்கென ஒதுக்கிய நிதி வேறு செலவுக்குப் போனபோதும் எழுதினோம். இன்று அந்தச் சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

‘மாற்று’ என்றால் ஒன்றின் இடத்தில் வரும் இன்னொன்று. வண்ணார் வெளுத்துக் கொடுக்கும் துணியையும் ‘மாத்து’ என்கிறோம். அதில் பகை இல்லை. ஆனால் மாற்றான் என்றால் பகைவன். மாற்றாள் என்றால் சக்களத்தி. அந்தப் பகையின் நிழல் மாற்றாந்தாய் மீதும் படிந்துவிட்டது. ஆங்கிலத்தின் ‘ஸ்டெப்’ என்ற முன்னொட்டு பழங்காலத்தில் இழப்பைக் குறித்தது. பெற்றோரை இழந்த பிள்ளையையே முதலில் அப்படிச் சொன்னார்கள். பிள்ளையின் துயரில் பிறந்த சொல், பிறகு அங்கும் பெண்ணின் மேல் பழியாக விழுந்தது.

எந்தப் பிள்ளையும் யாரையும் ‘மாற்றாந்தாயே’ என்று கூப்பிட்டதில்லை. சின்னம்மா என்போம், சித்தி என்போம். அம்மாவின் தங்கைக்கும், சித்தப்பாவின் மனைவிக்கும் அதே பெயர்தான். மாற்றாந்தாய் என்பது வீட்டுக்கு வெளியே நிற்பவர்கள் வைத்த பெயர். பிறர் வைத்த பெயரைச் சுமப்பது என்னவென்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

அண்ணல் அம்பேத்கர் சிறுவயதிலேயே தாயை இழந்தவர். தந்தை மறுமணம் செய்தார். தாயின் நகைகளைச் சின்னம்மா அணிந்தது அந்தச் சிறுவனுக்குப் பொறுக்கவில்லை என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்த வலி பொய்யில்லை. ஆனால் அவர் தலைமையில் வரைந்த அரசமைப்புச் சட்டம் அரசிடம் தாய்ப்பாசம் கேட்கவில்லை. பிரிவு 14 சமத்துவம் என்றது. பிரிவு 17 தீண்டாமையை ஒழித்தது. பாசம் கொடுப்பவர் மனசைப் பொறுத்தது, உரிமை அப்படியல்ல.

மாற்றாந்தாய் மனப்பான்மை என்று எழுதும்போது நாம் இரண்டு தவறு செய்கிறோம். உரிமையைப் பாசமாகச் சுருக்கிவிடுகிறோம். தாயற்ற பிள்ளைகளுக்குக் கூலி வேலைக்குப் போய்க் கஞ்சி ஊற்றி, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிய நம் தெருச் சின்னம்மாக்களை வசைச்சொல்லாக்கிவிடுகிறோம்.

அடுத்த துண்டறிக்கையில் நேராக எழுதுவோம்: இது சாதிப் பாகுபாடு, இது உரிமை மறுப்பு. சின்னம்மாக்களை விட்டுவிடுவோம்.

ஜெய்பீம்.