கற்சில்லு சொல்லும் சாட்சி



ராஜாக்கள் கல்வெட்டில் தங்கள் பெயரைப் பொறித்துக் கொண்டார்கள். கல் சுமந்தவன் பெயரைப் பொறிக்கவில்லை. அப்படியானால் உழைத்தவனுக்குச் சரித்திரம் கிடையாதா? உண்டு. எழுத்துப் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அவன் அதைக் கல்லில் விட்டுச் சென்றிருக்கிறான்.

போபாலுக்குத் தெற்கே, விந்திய மலையில் பீம்பேட்கா என்று ஓரிடம். அங்கே பாறைகள் துருத்தி நின்று கூரைபோல் நிழல் தருகின்றன. இவற்றைப் பாறைப் புடவு என்கிறோம். 1957-ல் வாகண்கர் என்ற ஆராய்ச்சியாளர் இவற்றைக் கண்டறிந்தார். சுவர் ஓவியங்களால் புகழ்பெற்ற இடம் இது. ஆனால் ஓவியம் சுவரை மட்டுமே காட்டுகிறது. அங்கே வாழ்ந்தவர் என்ன செய்தார் என்பதைத் தரைதான் சொல்ல வேண்டும்.

1970-களில் வி. என். மிஸ்ரா ஒரு புடவின் தரையைத் தோண்டினார். அடியில் அந்த மலைக் கல்லிலேயே செய்த கைக்கோடரிகளும் வெட்டுக்கருவிகளும் கிடந்தன. அதற்கு மேலே சிறிய சுரண்டு கருவிகள். அதற்கும் மேலே நகத்தளவுக் கருவிகள். இவற்றின் கல் வேறு வகை. ஒரே கூரையின் கீழ், பல ஆயிரம் ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக மனிதர் வந்து தங்கியிருக்கிறார்கள்!

இது எப்படித் தெரிகிறது? மில் தோழரே, உமக்கே இது தெரியும். தறி இருந்த இடத்தைத் தரையில் கிடக்கும் நூல் துண்டு காட்டிவிடும். தச்சன் உட்கார்ந்த இடத்தை மரச்சீவல் காட்டிவிடும். அப்படித்தான் இதுவும். கருவியோடு சில்லும் குவிந்து கிடந்தால், வேலை அங்கேயே நடந்தது. சில்லு இல்லாமல் கருவி மட்டும் கிடந்தால், வெளியே செய்து கொண்டுவந்தது. முனை மழுங்காமல் இருந்தால், ஆற்று வெள்ளம் உருட்டி வந்த கல் அல்ல. தேய்ந்த விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், தோல் சுரண்டியதா, மரம் சீவியதா என்று அறிய வழியுண்டு.

விவசாயத் தொழிலாளித் தோழரே! நகத்தளவுக் கல்லைத் தனியே பிடித்து என்ன செய்ய முடியும்? கருக்கரிவாளின் பற்கள்போல் வரிசையாகக் கம்பில் பதித்து, பிசினால் ஒட்டினால் அது ஆயுதம். கல்லையும் மரத்தையும் பிசினையும் அறிந்த தொழிலாளி அவன். அவனைக் காட்டுமிராண்டி என்று யார் சொல்வது?

நம் மண்ணிலும் இந்தச் சாட்சி உண்டு. 1863-ல் பல்லாவரத்தில் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். நாளை கிணறு வெட்டும்போது உங்கள் மண்வெட்டியிலும் தட்டுப்படலாம். கிடந்த இடத்திலேயே விட்டு, விஷயம் தெரிந்தவருக்குச் சொல்லுங்கள். இடம் பெயர்ந்த கல் பாதி ஊமை. நம் முன்னோர் சாட்சி ஊமையாகலாமா?