பெய்தால், பெய்திருந்தால்

நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடத்தில் அடிக்கடி இடறும் சின்னஞ்சிறு சொல் ஒன்று உண்டு. 'இஃப்' என்பது அந்தச் சொல்.

'மழை பெய்தால் பால் வெட்ட மாட்டோம்' என்கிறோம். பட்டை ஈரமானால் பால் வெட்டுக் கோட்டில் இறங்காமல் மரத்தில் வழிந்து வீணாகும் என்பது நீங்கள் அறிந்ததே. இந்த வாக்கியத்தில் 'ஆல்' என்பதே நிபந்தனை. தமிழில் அது வினைச்சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்திலோ 'இஃப்' முன்னால் வந்து நிற்கும்: 'இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வில் நாட் டேப்.'

மழை இனிமேல்தானே வரப்போகிறது என்றெண்ணிச் சில பிள்ளைகள் 'இஃப் இட் வில் ரெய்ன்' என்று எழுதுவார்கள். அது தவறு. 'வில்' அடுத்த பகுதிக்கே உரியது. வேறு சிலர் 'ரெய்ன்ட்' என்று எழுதுவார்கள். 'பெய்தது' என்ற இறந்தகாலச் சாயல் 'பெய்தால்' என்பதிலும் இருப்பதே காரணம். ஆங்கிலத்தில் அப்படி எழுதினால், மழை வருவது ஐயம் என்ற பொருள் வந்துவிடும். அடுத்த பகுதியில் 'வில்' போய் 'வுட்' வரவேண்டும்.

நடந்து முடிந்ததற்கு 'பெய்திருந்தால்' என்போம். 'இஃப் இட் ஹேட் ரெய்ன்ட், வீ வுட் நாட் ஹேவ் டேப்ட்.' அதாவது மழை பெய்யவில்லை, வெட்டு நடந்தது என்று பொருள்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா? இல்லை. தீபகற்ப மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், 15ஆம் பிரிவைப் பாருங்கள். அனுமதி பெறாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாள்களுக்கு மேல் வராவிட்டால், தொழிலாளி ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார். இது 'இஃப்' பகுதி. வாக்கியம் அங்கே முடியவில்லை. அடுத்து 'அன்லெஸ்' வருகிறது. அதற்கு 'ஒழிய' என்று பொருள். தக்க காரணம் இருந்து, அதை முன்கூட்டியோ, இயன்ற முதல் வாய்ப்பிலோ முதலாளிக்குத் தெரிவித்திருந்தால், அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால் ஒழிய என்கிறது சட்டம். ஆகவே காய்ச்சலில் படுத்தவர் உடனே தகவல் அனுப்புவது அவசியம். 'இஃப்' மட்டும் படித்து 'அன்லெஸ்'ஸை விட்டவருக்குத் தம் பாதுகாப்பே தெரியாமல் போகும்.

பெற்றோர்களே, இன்றிரவு 'ஆல்' என்று முடியும் ஐந்து வாக்கியங்களைச் சொல்லுங்கள். பிள்ளைகள் அவற்றை ஆங்கிலத்தில் எழுதட்டும். வீட்டுக்கு ஆங்கிலக் கடிதம் வந்தால், முதலில் 'இஃப்', 'அன்லெஸ்' இரண்டையும் தேடிக் கோடிடச் சொல்லுங்கள்.