எசுட்டேட் : நிலையும் நிலமும்

 

ஆங்கிலச் சொல் ஒன்றைத் தமிழவையில் எடுத்து ஆய்வதா என்று சிலர் புருவம் நெரிக்கலாம். அயற்சொல்லின் உள்ளீட்டை அறியாதவர் அதற்கு நேரான தமிழ்ச்சொல்லை எங்ஙனம் ஆக்குவர்? 'எசுட்டேட்' என்றால் தேயிலைத் தோட்டம் என்பர் பலர். வீட்டுமனைத் தரகர் வேறொரு பொருள் கூறுவர். வரலாற்று நூலோ 'மூன்றாம் எசுட்டேட்' என்று எழுதி மாணவனைத் திகைக்க வைக்கும். அவன் மூன்றாவது தேயிலைத் தோட்டம் எது என்று தேடினால் குற்றம் அவனுடையது அன்று.

இலத்தீனில் 'இசுடாரே' என்பது நிற்றல். அதிலிருந்து 'இசுடாட்டுசு', அஃதாவது நிற்கும் நிலை, பிறந்தது. ஈரொற்றில் தொடங்கும் அச்சொல்லைத் தமிழில் எழுத முன்னே ஓர் இகரம் வேண்டியிருக்கிறது அன்றோ? பழம்பிரெஞ்சுக்காரன் நாவும் அவ்வாறே இடர்ப்பட்டது. அவன் எகரம் சேர்த்து 'எசுட்டாட்' என்றான். அதுவே ஆங்கிலத்தில் 'எசுட்டேட்' ஆயிற்று. அரசைக் குறிக்கும் 'இசுடேட்'டும் மதிப்பு நிலையைக் குறிக்கும் 'இசுடேட்டசு'ம் அதன் உடன்பிறப்புகளே.

தமிழிலோ நில் என்னும் வேரினின்று நிலை, நிலைமை என்பன கிளைத்தன. நிலம் என்பதையும் அவ்வேரிலேயே காட்டுவர் நம் சொல்லாய்வாளர். இவ்வொப்புமையைக் கொண்டு இலத்தீனைத் தமிழின் மகள் என்று யாரும் முழங்கிவிட வேண்டா. இரு மொழி மாந்தரும் நிற்பதைக் கொண்டே நிலையை எண்ணினர் என்பதே இங்கு வேண்டுவது.

முதலில் இச்சொல் ஒருவனது நிலையை மட்டுமே குறித்தது. திருமணமும் ஓர் எசுட்டேட், ஆளான பருவமும் ஓர் எசுட்டேட். பின்னர்க் குமுகாயத்தின் படிநிலைக்கு அஃது ஆகிவந்தது. பிரெஞ்சு நாட்டில் பாதிரிமார் முதல் நிலையினர். உயர்குடியினர் இரண்டாம் நிலையினர். உழவனும் வணிகனும் கைவினைஞனும் வழக்கறிஞனும் ஆகிய ஏனையோர் அனைவரும் மூன்றாம் நிலையினர். ஏறத்தாழ இரண்டே முக்கால் கோடி மக்களுள் முதலிரு நிலையினரும் சேர்ந்து நூற்றுக்கு இருவர்தாம். வரிச்சுமையோ பெரும்பாலும் மூன்றாம் நிலையினர் முதுகில்!

1614-க்குப் பின் கூட்டப்படாத அம்மன்றத்தைப் பதினாறாம் உலூயி 1789 மே 5-இல் வெர்சாயில் கூட்டினான். நிலைக்கு ஒரு வாக்கா, தலைக்கு ஒரு வாக்கா என்பதே வழக்கு. நிலைக்கு ஒன்றென்றால் சிறுபான்மை இரண்டும் சேர்ந்து பெரும்பான்மையை என்றும் வெல்லும். ஆறு கிழமை இழுபறிக்குப் பின், சூன் 17-இல் மூன்றாம் நிலையினர் தம்மை நாட்டுப் பேரவை என்று அறிவித்தனர். படிநிலைப் பெயரைத் துறந்ததே அவர்களின் முதற் புரட்சி.

செய்தித்தாள்களை 'நான்காம் எசுட்டேட்' என்பதும் இக்கணக்கின் தொடர்ச்சியே. அதனை எட்மண்டு பர்க்கு கூறியதாகத் தாமசு கார்லைல் எழுதினார். நம்மவர் அதனை 'நான்காவது தூண்' ஆக்கிவிட்டனர். சட்டமன்றம், ஆட்சித்துறை, முறைமன்றம் என மூன்று தூண்களை எண்ணி, நான்காவதாக இதழ்களை நட்டனர். அதுவும் ஒரு கருத்துத்தான். ஆயினும் மொழிபெயர்ப்பு அன்று.

இனி நிலத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் பழைய சட்டப்படி நிலமெல்லாம் அரசனுக்கே உரியது. குடிமகன் பெற்றது நிலத்தை அன்று. அதன்மேல் ஒரு கால அளவுக்குரிய உரிமையையே. வாழ்நாள் அளவும் உண்டு. வழிவழியாக வருவதும் உண்டு. அவ்வுரிமைக்கே 'எசுட்டேட்' என்று பெயர். எவ்வளவு நிலத்தை, எவ்வாறு பற்றியிருந்தான் என்பதே அவன் யார் என்பதைக் காட்டிற்று. ஆதலின் நிலைக்கும் நிலவுரிமைக்கும் ஒரே சொல் போதியதாயிற்று. நம் பழந்தமிழில் இதற்கு ஒப்பான சொல் இல்லையா? உண்டு. கிழமை என்றால் உரிமை. ஆவூர் கிழார், கோவூர் கிழார் என்னும் புலவர் பெயர்களில் உடைமையும் மதிப்பும் ஒருங்கே நிற்கின்றன. எனவே சட்டப் பொருளில் 'நிலக்கிழமை' என்பதும், குமுகாயப் பொருளில் 'படிநிலை' என்பதும், இறந்தவர் விட்டுச் சென்றதற்கு 'விடுபொருள்' என்பதும் பொருந்தும். ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடுவது சோம்பல்.

சென்னை மாநிலத்தில் இச்சொல் சட்ட நூலின் வழியே உழவனைத் தொட்டது. 1908-ஆம் ஆண்டின் எசுட்டேட் நிலச் சட்டத்தில் அது பெரும்பாலும் சமீன்களைக் குறித்தது. 1948-இல் வந்த ஒழிப்புச் சட்டத்தால் அந்த எசுட்டேட்டுகள் மறைந்தன. மலைமேல் இருந்தவை மறையவில்லை.

இலங்கை மலைகளில் முதலிற் காப்பிக்கும், பின்னர்த் தேயிலைக்கும் காடழித்தவர்கள் தமிழகத்து ஏழை உழவர்கள். தலைமுறை தலைமுறையாக எசுட்டேட்டில் பிறந்து எசுட்டேட்டிலேயே மாண்ட அவர்களுக்கு ஒரு சாண் நிலக்கிழமையும் இல்லை. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டது. ஆவணம் இல்லாத பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டின் சாத்திரி – சிறிமாவோ உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. அம்மக்களை யாரும் கேட்கவில்லை. அதன் பின்னும் நாடற்று நின்றவர்களுக்கு வழிசெய்த இலங்கைச் சட்டம் ஒன்று 2003-இல் வந்தது.

ஆங்கில ஆவணங்கள் அவர்களை 'எசுட்டேட் தமிழர்' என்று எழுதின. நிலையும் நிலமும் குறித்த சொல், அவ்விரண்டும் இல்லாதவர்க்கு அடைமொழியாயிற்று. அவர்கள் அப்பெயரை ஏற்கவில்லை. தம்மை மலையகத் தமிழர் என்றே சொல்லிக்கொள்கின்றனர்.